முதல் புள்ளி

ஜூன் 3, திங்கள்

எனக்குப் பொறாமை கிடையாது. இதை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் வழக்கு வராது.

இந்த டைரி ஜனவரியில் நகைக்கடையில் கொடுத்தது. அலமாரியில் கிடந்ததைப் பொற்கொடிதான் இன்று எடுத்து நீட்டினாள். "தினம் உங்க ஆபீஸ் கதைய எங்கிட்டக் கொட்டுறீங்க. எனக்குக் கேக்கத் தெம்பு இல்லைங்க. பேசாம இதுல எழுதுங்க, இது எதுத்துப் பேசாது." கல்யாணமாகி இருபது வருஷத்தில் கேட்கத் தெம்பில்லை என்று அவள் சொன்னது இதுதான் முதல் தடவை. ஜவுளிக்கடை பில்லிங்கில் நாள் முழுக்க நிற்கிறாள், அதனால் இருக்கும். பெண்ணும் ஹாஸ்டலுக்குப் படிக்கப் போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

விஷயம் இதுதான். இன்று ரெஜினா என்று ஒருத்தி வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். தூத்துக்குடிக்காரி. பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தவளாம். கோவர்த்தனன் சார், அதாவது பைபாஸ் ரோட்டில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து எங்கள் பன்னிரண்டு பேரையும் மேய்க்கும் முதலாளி, அவரே எழுந்து வந்து மேஜை மேஜையாக அறிமுகப்படுத்தினார். நான் சேர்ந்த அன்று அவர் ஊரிலேயே இல்லை. ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தார். அந்த இடத்தை நான் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டீம் லீட் பதவி ஏப்ரலிலிருந்து காலி. ஒன்பது வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறேன், என்னைத் தவிர யார் அதில் உட்கார முடியும் என்று நிம்மதியாக இருந்தேன். சார் இன்று சொல்கிறார்: "இந்த லேப் ப்ராஜெக்ட்ட நீங்க ரெண்டு பேரும் சேந்து முடிங்க மாறன். அதை வச்சு லீட் யாருன்னு பாத்துக்கலாம்."

திருமாறன் என்ற முழுப் பெயரைச் சுருக்கி மாறன் என்று ஆசையாகக் கூப்பிட்டுக்கொண்டே தலையில் கல்லைப் போடுகிறார்.

ஜூன் 4, செவ்வாய்

ரெஜினா ஊரிலிருந்து மக்ரூன் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். சர்க்கரையைக் குறைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாசனை மட்டும் நாள் முழுக்க வந்துகொண்டிருந்தது.

ஜூன் 6, வியாழன்

இன்று மீட்டிங்கில் ஒரே வரியில் ரெஜினாவை உட்கார வைத்தேன். விவரமாக எழுத வேண்டிய நாள்.

எங்கள் வாடிக்கையாளர் மதுரையில் ஏழெட்டுக் கிளைகள் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை லேப். ஒவ்வொரு கிளையிலும் ரிப்போர்ட் தயாரானதும் நோயாளியின் பெயரிலேயே ஒரு பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்து ஒரு ஃபோல்டரில் போடுவார்கள். எங்கள் புரோகிராம் அதை எடுத்து, புதுப் பெயர் வைத்து, வேறொரு ஃபோல்டரில் வைத்து, நோயாளியின் போனுக்கு லிங்க் அனுப்ப வேண்டும். பெயர் வைப்பது என் பொறுப்பு. லிங்க் அனுப்புவது அவள் பொறுப்பு.

இதற்கு நாங்கள் வைத்திருக்கும் ஜாவா ஃப்ரேம்வொர்க்கின் பெயர் கேமல். ஒட்டகமேதான். ஓரிடத்தில் வரும் சரக்கைச் சுமந்துபோய் இன்னோரிடத்தில் இறக்கும். இறக்கும்போது கோப்புக்கு என்ன பெயர் என்று நாம் ஒரு சூத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு கோப்புக்கும் அந்தந்த நேரத்தில் அதுவே பெயரை உண்டாக்கிக்கொள்ளும்.

பெயர் வைப்பது என் பொறுப்பு என்று இப்போதுதானே எழுதினேன்? ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதையாக, நேற்றே அவள் அதற்கும் ஒரு கிளாஸ், அதாவது தனியாக ஒரு நிரல் துண்டு, எழுதி வைத்திருக்கிறாள். "சும்மா ஒரு யோசனைக்கு எழுதிப் பாத்தேன் சார்" என்று. ரிப்போர்ட்டைத் திறந்து பதிவு எண்ணைப் படித்து, அதோடு கிளையின் குறியீடு, நோயாளி பெயர், தேதி எல்லாவற்றையும் கோத்து ஒரு பெயர். ஒரு திரை முழுக்க வருகிறது. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆர்வமாகப் பார்க்கிறார்.

நான் சொன்னேன்: "கோப்புக்குப் பேர் வைக்க இவ்வளவா? என் பொண்ணுக்குப் பேர் வைக்கவே நான் இவ்வளவு யோசிக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அதே திரையில் ஒரே ஒரு வரி அடித்தேன். வருகிற கோப்பின் பெயர், அதில் வால் மட்டும், அதாவது புள்ளியும் அதன் பின்னால் வருவதும் மட்டும், நீங்கலாக, பின்னால் தேதி, பின்னால் பி.டி.எஃப். வாலை வெட்டுவதற்குக் கேமலில் 'நோ எக்ஸ்ட்' என்று ஒரு சொல் இருக்கிறது, அதைப் போட்டால் முடிந்தது. சார் மேஜையைத் தட்டி, "அடேயப்பா, இவ்ளோதானா" என்றார். அந்தத் தட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவள் சும்மா இருக்கவில்லை. "சார், வெறும் 'நோ எக்ஸ்ட்' போட்டா முதல் புள்ளியிலயே வெட்டிரும்லா? 'சிங்கிள்' சேத்துட்டீங்கன்னா கடைசிப் புள்ளிக்குப் பொறவு இருக்கத மட்டும் வெட்டும்" என்றாள்.

"பேர்ல எங்கம்மா ரெண்டு புள்ளி வரப்போகுது? பேஷண்ட் பேரு, ஒரு புள்ளி, பி.டி.எஃப். அவ்வளவுதான்."

"இல்ல சார், ஒருவேளை வந்துச்சுன்னா? ரெண்டு கோப்புக்கு ஒரே பேரு வந்தா பழையதுக்கு மேல புதுசு எழுதிரும். அதுக்குத்தான் சொல்லுதேன்."

"ஒருவேளைக்கெல்லாம் நிரல் எழுதினா நாம வீட்டுக்குப் போக முடியாது."

மறுபடி சிரிப்பு. அவள் "சரி சார்" என்று லேப்டாப்பை மூடினாள். அந்த 'சரி சார்' எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாததைக் கிளறிக் குற்றம் கண்டுபிடிக்கிற புத்தி, பெங்களூர்ப் புத்தி.

கடைசியில் அவளுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று சாருக்குத் தோன்றியிருக்கும். வருகிற மூலக் கோப்புகளை அழிக்காமல் தனியாக ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைக்கலாம் என்றாள், அதற்குத் தலையாட்டினார். வீணாக இடத்தை அடைக்கும் என்று நான் சொன்னது எடுபடவில்லை. போகட்டும், ஆறுதல் பரிசு.

ஜூன் 8, சனி

பொற்கொடியோடு மளிகைக்குப் போய் வந்தேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இரண்டு கையிலும் பையோடு நானும் நிற்க வேண்டியதாயிற்று. ஒரு வரியில் முடித்த கதையை அந்த இடைவேளையில் அவளுக்கு இன்னொரு தடவை சொன்னேன். "ம்" என்றாள்.

அரிசி புடைக்க உட்கார்ந்தவள் பாதியைப் பச்சையாக மென்றுகொண்டிருந்தாள். கல்யாணத்தில் மழை வரும் என்று கிண்டல் செய்தேன். "நமக்குத்தான் ஆயிருச்சே" என்று சொல்லிவிட்டு மறுபடி ஒரு பிடி வாயில் போட்டாள்.

ரெஜினா லிங்க்ட்இன்னில் சாரும் அவளும் நிற்கும் படம் போட்டிருக்கிறாள். நான் ஓரத்தில் இருக்கிறேன், பாதித் தோள் மட்டும்.

ஜூன் 10, திங்கள்

சோதனை ஓட்டம். செல்வி, குமார், பாண்டி, மீனா என்று நானே பெயர் வைத்து நிறைய கோப்புகளைப் போட்டேன். எல்லாம் கச்சிதமாகப் பெயர் மாறி வந்தது. லேபிலிருந்து நிஜப் பெயர்கள் கொஞ்சம் வாங்கிச் சோதிக்கலாம் என்றாள் ரெஜினா. லேப் மேனேஜர் விடுப்பில் இருக்கிறார், அதற்காக வேலையை நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

மதியம் சார் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னிடம் சார் அப்படிச் சிரித்ததே இல்லை. நான் நகைச்சுவையாகப் பேசுகிறவன் என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஜூன் 12, புதன்

புரோகிராம் இன்று ஓடத் தொடங்கிவிட்டது. எல்லோரையும் கூட்டி வைத்து சார் சொன்ன வாசகம்: "ரெஜினாவும் மாறனும் நல்லா பண்ணிருக்காங்க."

ரெஜினாவும் மாறனும்.

ஒன்பது வருஷம் முன்னால் வந்தவன் பெயர் பின்னால் வருகிறது. பஸ்ஸில் வரும்போது இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். மாறனும் ரெஜினாவும் என்பதுதான் வாய்க்கும் நன்றாக இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

பொற்கொடி கடையில் மயங்கி உட்கார்ந்துவிட்டாளாம். கூட வேலை பார்ப்பவர்கள் திட்டி, ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். "ரெண்டு மாசமா மாசாமாசம் ரொம்பப் படுதுங்க, அதான்" என்றாள். பெண்கள் சமாசாரம், நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

வேறு எங்கும் போக வேண்டாம், நம் வாடிக்கையாளர் லேபுக்கே போ என்று நான்தான் சொன்னேன். காகிதம் வாங்காதே, போனுக்கு அனுப்பச் சொல், நான் பெயர் வைத்த கோப்பு எப்படி வருகிறது என்று பார்க்கலாம். கடையில் போனைக் கையில் வைத்திருக்க விடமாட்டார்கள் என்பதால் என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள்.

திருநகர் கிளை. ரத்தம் எடுத்த பெண் நல்ல மாதிரியாம். "இனிஷியல் என்னன்னு கேட்டுச்சு, உங்க பேருக்கு டின்னு சொன்னேன். இனிஷியல முன்னாடி போட்டாத்தான் மரியாதையா இருக்கும்னு அதுவா ஒரு புள்ளி வச்சு அடிச்சுச்சு" என்றாள். நம் கிளைகளில் இவ்வளவு மரியாதை தெரிந்த ஆட்கள் இருப்பது சந்தோஷம்.

ஜூன் 14, வெள்ளி

காலை மீட்டிங்கில் லிங்க் அனுப்பும் பகுதியில் ஒரு சின்னத் தாமதம் இருப்பதை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் பகுதி. நல்ல கட்டத்தில் என் போன் அடித்தது. ஏதோ லேண்ட்லைன் நம்பர். துண்டித்தேன். மறுபடி அடித்தது, துண்டித்தேன். மூன்றாவது தடவை ரெஜினா, "எடுங்க சார், அவசரமா இருக்கப் போகுது" என்றாள். பேச்சை மாற்றுகிற வழி எனக்குத் தெரியாதா? "லோன் வேணுமான்னு கேப்பாங்க" என்று போனையே அணைத்து வைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனை உயிர்ப்பித்தால் லிங்க் வந்திருந்தது. திறந்தேன். டி.பழனிச்சாமி, வயது அறுபத்தொன்று, ஆண். புராஸ்டேட் பரிசோதனை. எல்லாம் சரியாக இருக்கிறது.

பொற்கொடியிடம் காட்டினேன். "எனக்கு அது நல்லா இருக்காமா? அப்பாடா, அதான் கவலையா இருந்துச்சு" என்றாள். சிரிக்க ஆரம்பித்தவளுக்கு மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்து சிரித்தேன். ஆனால் நான் சிரித்தது வேறு காரணத்துக்கு.

ஆள் மாறி லிங்க் போயிருக்கிறது. லிங்க் யார் பொறுப்பு?

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்திருக்கிறது.

ஜூன் 15, சனி

நாள் முழுக்க உட்கார்ந்து சாருக்கு ஒரு மின்னஞ்சல் தயார் செய்தேன். கோபமே தெரியாமல், வருத்தம் மட்டும் தெரியும்படி எழுதுவது சுலபமில்லை. 'நம் நிறுவனத்தின் நற்பெயர்' என்று ஓரிடத்தில் வருகிறது, அது நன்றாக அமைந்துவிட்டது. பிறகு யோசித்து அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். இதை நேரில், எல்லோர் முன்னிலையிலும், அதே திரையில் காட்ட வேண்டும்.

பொற்கொடி கடைக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். தயிர்சாதம் நான்தான் பிசைந்தேன். உதடெல்லாம் வெளுத்திருக்கிறதே, பவுடர் உதட்டிலும் பட்டுவிட்டதா என்று கேட்டேன். "பவுடரே போடலைங்க" என்றாள். "என் ரிப்போர்ட்டு எப்ப வரும்?"

"திங்கக்கிழமை கேக்குறேன்" என்றேன்.

ஜூன் 17, திங்கள்

பத்து மணிக்கு மீட்டிங். இஸ்திரி போட்ட நீலச் சட்டை போட்டிருக்கிறேன்.

ஜூன் 19, புதன்

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பொற்கொடி தூங்குகிறாள். இரண்டாவது பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை நடந்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும். தலையை மாற்றி வாலை மாற்றி எழுத இனி என்னால் முடியாது.

மீட்டிங்கில் திரையில் பழனிச்சாமியின் ரிப்போர்ட்டைப் போட்டேன். என் மனைவி ரத்தம் கொடுத்தால் யாரோ ஒரு பெரியவரின் ரிப்போர்ட் என் போனுக்கு வருகிறது, இது எப்படிப்பட்ட ஆபத்து, அவருடைய அந்தரங்கம் என்ன ஆவது என்று பேசினேன். நன்றாகப் பேசினேன். சாருக்கு முகம் கறுத்துவிட்டது. "என்னம்மா ரெஜினா இது?" என்றார்.

அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று படித்தாள். கோபப்படவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"இது பழனிச்சாமி ரிப்போர்ட்டு சார். அப்ப உங்க வைஃப் ரிப்போர்ட்டு எங்க?"

வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து திங்கட்கிழமை காலை வரை அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. பொற்கொடியே என்னைக் கேட்டபோதுகூட வரவில்லை. என் கையில் ரெஜினா மாட்டிவிட்டாள் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குள் ஓடவில்லை.

"அவுங்க பேரு என்ன சார்?"

"பொற்கொடி."

"எப்பிடி அடிச்சிருப்பாங்க? இனிஷியல் முன்னாலயா?"

"டி புள்ளி பொற்கொடி" என்றேன். சொல்லும்போதே அந்தப் புள்ளி என் வாயில் தட்டியது. எங்களில் யாருக்குத்தான் இனிஷியல் இல்லை? என் பெயரே கு. திருமாறன். பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாத் தாளிலும் அந்தப் புள்ளியை நான்தான் வைத்துவருகிறேன். பெயரில் எங்கே ரெண்டு புள்ளி வரப்போகிறது என்று கேட்டவனும் நான்தான்.

ரெஜினா வெளியே போகும் கோப்புகளின் ஃபோல்டரைத் திறந்தாள். டி என்று ஒரே ஒரு கோப்பு, பின்னால் தேதி. முதல் புள்ளியிலேயே வெட்டி, பொற்கொடியையும் பி.டி.எஃப்.பையும் ஒன்றாக வாலென்று நினைத்துத் தூக்கிப் போட்டிருக்கிறது. அதே நாள், அதே கிளை, டி.பழனிச்சாமி. அவருக்கும் டி. பழையதன் மேல் புதியது எழுதியாயிற்று. அவள் அனுப்பிய லிங்க் சரியாகத்தான் போயிருக்கிறது. போன இடத்தில் பொற்கொடி இல்லை.

அவள் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூலக் கோப்புகளைச் சேர்த்து வைத்த ஃபோல்டருக்குப் போனாள். அழித்துவிடலாம் என்று நான் சண்டை போட்ட ஃபோல்டர். டி.பொற்கொடி அங்கே முழுப் பெயரோடு இருந்தாள். ரெஜினா திறந்தாள், பெரிய திரையில் தெரியாதபடி தன் லேப்டாப்பில் மட்டும். படித்தவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

"சார், ஹீமோகுளோபின் நாலரைன்னு போட்டிருக்கு. பன்னெண்டாவது இருக்கணும். கீழ சிவப்புல எழுதியிருக்கு பாருங்க, உடனே டாக்டரப் பாக்கணும்னு. வீட்டுக்குப் போங்க. இங்க நான் பாத்துக்கிடுதேன்."

சார் தன் கார் சாவியை என் கையில் திணித்தார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது படியிறங்கிய பிறகுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது. அவரே ஓட்டி வந்தார்.

பொற்கொடி கதவைத் திறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். மூன்று மாடியும் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். இருபது வருஷத்துக்கு முன் அவள் இதைவிடக் கனம்.

டாக்டரம்மா கேட்டார்: "மூச்சு வாங்குதுன்னு சொல்லலையா? படியேறும்போது நிப்பாங்களே. பச்சரிசி, சாம்பல், இப்படி ஏதாச்சும் தின்னுட்டே இருந்திருப்பாங்களே, ரத்தம் இல்லாதவங்க அப்படித்தான் தேடுவாங்க. வீட்ல ஒருத்தரும் கவனிக்கலையா?"

கவனித்தேன். எல்லாவற்றையும் கவனித்து, தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறேன். நேற்று இந்த டைரியைப் புரட்டிப் பார்த்தபோது தெரிந்தது. படியில் நின்றது, அரிசி தின்றது, உதடு வெளுத்தது. எல்லாம் ரெஜினாவுக்கு நடுவில் ஓரமாக வருகிறது.

லேபுக்குப் போன் செய்து விசாரித்த நர்ஸ், வெள்ளிக்கிழமை அங்கிருந்து மூன்று தடவை கூப்பிட்டார்களாமே, எடுக்கவில்லையாமே என்றாள். மீட்டிங்கில் இருந்தேன் என்றேன். அது பொய்யில்லை.

இன்னும் இரண்டு நாள் கழிந்திருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்கிறார்கள்.

ஜூன் 20, வியாழன்

மூன்றாவது பாட்டில். இட்லி கேட்டாள். இரண்டு சாப்பிட்டாள்.

ஜூன் 21, வெள்ளி

கோவர்த்தனன் சார் போன் செய்தார். திருநகர் கிளையில் இனிஷியலை முன்னால் போட்டு அடித்த எல்லோருடைய ரிப்போர்ட்டையும் மூலக் கோப்பிலிருந்து எடுத்து, ரெஜினாவும் லேப் ஆட்களும் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுச் சேர்த்துவிட்டார்களாம். வேறு யாருக்கும் ஆபத்து இல்லை. பழனிச்சாமி ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டதற்கு, "என்னுது நல்லாருக்குன்னு ஊரே பாத்தா எனக்குப் பெருமைதானே" என்றாராம்.

பிறகு சார் கொஞ்சம் இழுத்தார். "அந்தப் பேர் வைக்கிற வரி யார் போட்டதுன்னு லேப்காரங்க கேட்டாங்க. நான் ரெஜினாகிட்ட கேட்டேன். ரெண்டு பேரும் பாத்துத்தான் சார் போட்டோம்னு சொல்லிட்டாங்க."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் வந்த எரிச்சல் இதுவரை வந்ததே இல்லை. லீட் பதவி போனாலும் போகிறது. பெருந்தன்மைகூடவா அவளிடமே போய்ச் சேர வேண்டும்? பாழாய்ப்போன தப்பு ஒன்றாவது முழுதாக எனக்கென்று இருக்கக்கூடாதா?

"இல்ல சார்" என்றேன். "அது என் வரி. புள்ளியப் பத்தி அவங்க அன்னைக்கே சொன்னாங்க. நான் எல்லாரையும் சிரிக்க வச்சு அவங்க வாயை அடைச்சேன். நீங்களும் இருந்தீங்க."

"இருந்தேன்" என்றார் சார். "நானும் சிரிச்சேன் மாறன்."

ரெஜினாதான் லீட். திங்கட்கிழமை அறிவிக்கிறார்களாம். இந்த வரியை எழுதும்போது எனக்குப் பொறாமை இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது.

ஜூன் 22, சனி

ரெஜினா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் மக்ரூன் டப்பா. பொற்கொடியின் கட்டிலில் உட்கார்ந்து இருவரும் பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. நான் டீ வாங்கப் போய் வந்தேன், பேசிக்கொண்டிருந்தார்கள். மருந்து வாங்கப் போய் வந்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் பெண்டாட்டி என்னோடு கடைசியாக இப்படிச் சிரித்தது பழனிச்சாமியைப் பார்த்து. அதையும் நான் பாதியில் விட்டுவிட்டு ஆபீஸ் கணக்குக்குப் போய்விட்டேன்.

ரெஜினா கிளம்பும்போது அவளோடு வராந்தா முனை வரைக்கும் நடந்தேன். சொல்ல வேண்டியதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "நீங்க சொன்னப்பவே அந்த 'சிங்கிள்' போட்டிருக்கணும்" என்றேன்.

"சிங்கிள் போட்டாலும் பத்தாது சார். ஒரே நாள்ல ரெண்டு பொற்கொடி வந்தா திரும்பயும் முட்டும்லா. பதிவு எண்ணு வேணும்." நடந்துகொண்டே சொன்னாள். "எனக்கும் உங்க மேல கோவம் உண்டு சார், இல்லைன்னு சொல்ல மாட்டேன். அன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்ப நான் பேசாம லேப்டாப்ப மூடியிருக்கக் கூடாது. சண்ட போட்டிருக்கணும். புதுசா வந்த எடத்துல என்னத்துக்குன்னு விட்டேன். அதான் ரெண்டு பேரும்னு சொன்னேன். உங்களுக்காகச் சொல்லல."

அதுவும் சரிதான். எனக்காகச் சொல்லியிருந்தால்தான் தாங்கியிருக்க மாட்டேன்.

திரும்பி வந்து மக்ரூன் ஒன்று எடுத்துச் சாப்பிட்டேன். முந்திரியும் சர்க்கரையும் நாக்கில் பட்டதும் கரைந்துவிட்டது. அன்றைக்கே சாப்பிட்டிருக்கலாம்.

ஜூன் 24, திங்கள்

ரெஜினா பழைய கிளாஸை மறுபடி சேர்த்து, பார்த்து ஒப்புதல் கொடுக்கும்படி என் பெயருக்கு அனுப்பியிருக்கிறாள். வேறு யாருக்காவது அனுப்பியிருக்கலாம். ஆஸ்பத்திரி நாற்காலியில் வைத்து வரி வரியாகப் படித்தேன். ஏதாவது குற்றம் கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுதான் படித்தேன், அதை மறைக்கப் போவதில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. கீழே சோதனைக்காகச் சில பெயர்கள் கொடுத்திருந்தாள். முதல் பெயர் டி.பொற்கொடி. இரண்டாவதும் டி.பொற்கொடி, வேறு பதிவு எண்ணோடு. இரண்டும் தனித்தனிக் கோப்பாக, முழுப் பெயரோடு வந்திருந்தன. ஒப்புதல் கொடுத்தேன்.

மதியம் டிஸ்சார்ஜ். ரத்தம் ஏறி, முகத்தில் பழைய கறுப்பு திரும்பியிருக்கிறது. இவ்வளவு ரத்தம் போகக் காரணமான கர்ப்பப்பைக் கட்டிக்கு அடுத்த மாதம் சிகிச்சை, அதுவரை மாத்திரை. கவுண்டரில் கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை நான் வாங்கப்போக, அவளே வாங்கிக்கொண்டாள். பொற்கொடி என்று மட்டும் எழுதினாள்.

"இனிஷியல் போடுங்கம்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"அது வேணாங்க" என்றாள்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன், ஏன் வேண்டாம் என்று.

"ரெஜினா எல்லாம் சொன்னாங்க. புள்ளி வச்ச எடத்துல வெட்டி எம்பேரு போயிருச்சாமே. டி மட்டும்தான் மிச்சமாமே." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இருபது வருஷத்துல நீங்க என்னை ஒருநாள்கூட டி போட்டுக் கூப்பிட்டதில்ல. ஊர்ல எல்லார்கிட்டயும் அதைப் பெருமையாச் சொல்லுவேன். கடைசில உங்க புரோகிராம் கூப்பிட்டுருச்சுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து படியேறினோம். முதல் மாடித் திருப்பத்தில் நின்றாள். நானும் நின்றேன். இரண்டாவது மாடியிலும் நின்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு நானும் நின்றேன். சொல்வதற்கு ஆபீஸ் கதை எதுவும் இருக்கவில்லை. மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். "கொஞ்சமா" என்றாள். அவள் கிளம்பும் வரைக்கும் அங்கேயே நின்றிருந்தோம்.